எல்லாம் பில்லில் வந்த பிறகு நம்பிக்கைக்கு என்ன வேலை?

கேள்வி இது: சென்னை ஆண்டர்சன் தெருவில் அப்பா நடத்திவந்த பேப்பர் மொத்த வியாபாரத்தை நீங்கள் கையில் எடுக்கிறீர்கள். அப்பா அச்சகக்காரர்களுக்கு 45 நாள், 60 நாள் என்று கடனுக்குச் சரக்கு கொடுக்கிறார். பாதி விஷயம் வாய்ப்பேச்சில் நடக்கிறது. ஜிஎஸ்டி, இ-இன்வாய்ஸ், யூபிஐ எல்லாம் வந்தபிறகும் ‘நம்ம ஆளு, நம்பிக் கொடுக்கலாம்’ என்கிற பேச்சுக்கு இடமுண்டா, கடனை அடியோடு நிறுத்திவிட்டு ரொக்கத்துக்கு மட்டும் விற்கலாமா, பழைய பார்ட்டிகளிடம் எழுதி வாங்கினால் கோபித்துக்கொள்வார்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாரிமுனையில் மொத்த வியாபாரிகளுக்கும், அம்பத்தூர், கிண்டிப் பக்கம் சிறு பட்டறைகளுக்கும் கணக்கும் வரியும் பார்க்கிறவன் நான். விற்பனைக் கணக்கைவிட வசூல் கணக்கைத்தான் அதிகம் புரட்டியிருக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன், கடனை நிறுத்தாதீர்கள். ஆனால் அப்பா நம்பிய விதத்திலேயே நீங்களும் நம்ப முடியாது. அவருக்குக் காவலாக இருந்த தெரு இன்று பாதிதான் இருக்கிறது.

அப்பா காலத்து நம்பிக்கை கண்ணை மூடிக்கொண்டு வைத்தது என்று நினைக்க வேண்டாம். ஆண்டர்சன் தெருவிலோ பந்தர் தெருவிலோ ஒருவர் கொடுத்த செக் திரும்பினால், அன்று சாயங்காலத்துக்குள் தரகர்கள் வழியாக மற்ற கடைகளுக்கும் சேதி போய்விடும். அடுத்த நாள் அவர் எங்கே போய் நின்றாலும் ‘ரொக்கம் கொண்டு வாங்க’ என்பார்கள். கோடவுன் தெருவில் ஜவுளி, கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் மளிகை, நைனியப்ப நாயக்கன் தெருவில் கெமிக்கல் என்று ஒரே சரக்கு ஒரே தெருவில் குவிந்திருப்பது வாங்க வருகிறவருக்கு வசதி. கடன் கொடுக்கிறவருக்கு அதைவிடப் பெரிய வசதி, யாருக்கு எங்கே பாக்கி நிற்கிறது என்பது தெருவுக்கே தெரிந்திருந்தது. செட்டிநாட்டு லேவாதேவிக்காரர்கள் பர்மாவுக்கு ஏஜென்டை அனுப்பிப் பணத்தை ஒப்படைத்ததும் இந்த மாதிரி ஏற்பாட்டின் பலத்தில்தான். போகிறவர் தெரிந்த குடும்பத்துப் பிள்ளை, வீடு வாசல் எல்லாம் இங்கே, தவணை முடிந்தால் கணக்கை ஒப்படைக்க ஊருக்குத் திரும்பியே ஆகவேண்டும். அங்கே கை வைத்தால் இங்கே கோயிலிலும் கல்யாணத்திலும் தலைகாட்ட முடியாது. நம்பிக்கை என்று நாம் பெருமையாகச் சொல்வதில் பாதி, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்ததுதான்.

அந்த ஏற்பாட்டில் ஓர் அநியாயமும் இருந்தது. வட்டத்துக்குள் பிறந்தவனுக்கு முகத்தைப் பார்த்துக் கடன் கிடைத்தது. வெளியிலிருந்து வந்தவனுக்கு அவன் எவ்வளவு நேர்மையானவனாக இருந்தாலும் கிடைக்கவில்லை. குடும்பத்தில் முதன்முதலாகத் தொழிலுக்கு வந்தவர், தனியாக அச்சகம் போட்ட பெண், ‘நம்ம ஆள்’ என்று யாரும் சொல்லாத சாதியில் பிறந்தவர், இவர்களெல்லாம் ரொக்கம் கொடுத்தே சரக்கு எடுத்தார்கள். கடனில் எடுத்தவனோடு விலையில் போட்டி போட முடியாமல் சிலர் கடையை மூடியதைப் பார்த்திருக்கிறேன். வியாபாரிகள் பழைய நாணயத்தைப் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும். இன்றைக்கு அப்படிப்பட்டவர் உங்கள் கடைக்கு வந்தால் அவருடைய சொந்தக்காரர் யார் என்று விசாரிக்கத் தேவையில்லை. அவருடைய வரி ரிட்டர்ன் தாக்கலும் வங்கிக் கணக்கும் பேசும். இந்த ஒரு விஷயத்தில் நம் காலம் அப்பா காலத்தைவிட நல்ல காலம் என்பேன்.

முகத்தையும் பேரையும் மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையிலேயே பழைய உதாரணம் இருக்கிறது. 1906 அக்டோபரில் அர்பத்நாட் கம்பெனி திவாலானது. மெட்ராஸில் அதைவிடப் பெரிய பேர் எடுத்த வெள்ளைக்கார நிறுவனங்கள் சிலவே. உத்தியோகஸ்தர்கள், ஓய்வு பெற்றவர்கள் என்று ஊரில் பலர் சேமிப்பை அங்கே போட்டிருந்தார்கள். உள்ளே கணக்கு எப்படி இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை, பார்க்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. கடைசியில் சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறைக்குப் போனார், போட்டவர்கள் பணத்தை இழந்தார்கள். அந்த அடியிலிருந்துதான், வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றவர்கள் முன்னின்று, 1907-ல் இந்தியன் வங்கி பிறந்தது. அப்படியும் பாடம் நிற்கவில்லை. 1990-களில் தெருவுக்குத் தெரு முளைத்த நிதிக் கம்பெனிகள் சாய்ந்தபோது, முதலீட்டாளர் நலனுக்காகத் தமிழ்நாடு அரசு 1997-ல் தனிச் சட்டமே போடவேண்டி வந்தது. அதற்குப் பிறகும் அதிக வட்டி ஆசை காட்டுகிறவர்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள்.

சரி, உங்கள் கடைக்கு வருவோம். பில் எல்லாம் கம்ப்யூட்டரில் வந்துவிட்டதால் நம்பிக்கைக்கு வேலை குறைந்துவிட்டது என்று நினைக்கிறீர்கள். ஜிஎஸ்டி வந்ததில் நடந்தது நேர்மாறு. ஓர் அச்சகக்காரர் உங்களிடம் 1 லட்சம் ரூபாய்க்குச் சரக்கு எடுக்கிறார், வரி 18 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 18,000 ரூபாயை உங்கள் கையில் கொடுக்கிறார். அந்தத் தொகையைத் தன் வரியில் அவர் கழித்துக்கொள்ள வேண்டுமானால் நீங்கள் அந்த பில்லை உங்கள் ஜிஎஸ்டிஆர்-1-ல், அதாவது விற்பனை விவரம் காட்டும் ரிட்டர்னில், ஏற்றியிருக்க வேண்டும். மாதாமாதம் தாக்கல் செய்கிறவருக்கு அடுத்த மாதம் 11-ஆம் தேதி கெடு. 14-ஆம் தேதி வாக்கில் அது அவருடைய 2பி-யில், அதாவது அவர் கழித்துக்கொள்ளக்கூடிய வரியைக் காட்டும் பட்டியலில், தெரியும். 2022 ஜனவரி முதல் இது கறாராகிவிட்டது. நீங்கள் ஏற்றவில்லை என்றால் அவருக்கு அந்த வரிக் கழிவு, அதாவது இன்புட் கிரெடிட், கிடையாது. ஏற்றிவிட்டு வரியைக் கட்டாமல் விட்டாலும் நோட்டீஸ் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டும். முழுப் பணத்தையும் ஒழுங்காகக் கொடுத்தவர், உங்கள் சோம்பலுக்காக இரண்டாம் தடவை வரி கட்டுவார்.

அந்தப் பக்கமும் ஒரு கயிறு இருக்கிறது. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் அவர் உங்களுக்குப் பணம் தராவிட்டால், எடுத்த இன்புட்டை வட்டியோடு திருப்ப வேண்டும். ஆக, முன்பெல்லாம் எதிராளி நாணயமில்லாதவராக இருந்தால் உங்கள் சரக்குப் பணம் போகும், அவ்வளவுதான். இப்போது அவருடைய ஒழுங்கீனம் உங்கள் வரிக் கணக்கிலேயே வந்து உட்காருகிறது. இதனால்தான், பேப்பரில் கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைத்துக் கொடுக்கிற கடையை விட்டுவிட்டு, தேதி தவறாமல் ரிட்டர்ன் போடுகிற கடைக்கு வாடிக்கையாளர்கள் மாறுகிறார்கள். என்னிடம் கணக்குப் பார்க்கிற அச்சகங்களுக்கு நானே அப்படித்தான் சொல்கிறேன். நீங்கள் செய்ய வேண்டிய முதல் காரியமும் அதுதான். 11-ஆம் தேதியைத் தவறவிடாத கடை என்று பேர் வாங்குங்கள். விளம்பரம் கொடுத்து வாங்க முடியாத பேர் அது.

புதுப் பார்ட்டி வந்தால் ஜிஎஸ்டி இணையதளத்தில் அவருடைய 15 இலக்க எண்ணைப் போட்டுப் பாருங்கள். பதிவு நடப்பில் இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா, எந்த மாத ரிட்டர்ன் எந்தத் தேதியில் போட்டார் என்று வரிசையாகக் காட்டும். ஒரு பைசா செலவில்லை, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். தொடர்ந்து மாதக் கணக்கில் தாமதமாகப் போட்டிருந்தால் அவர் மோசக்காரர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், ஆனால் கையில் பணம் புரளாமல் தவிக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். அப்பா தரகரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை நீங்கள் இங்கே பார்க்கலாம். தரகரையும் விட்டுவிடாதீர்கள். அந்த அச்சகத்தில் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்கிறதா, ஆட்களுக்குச் சனிக்கிழமை சம்பளம் போனதா என்பதை எந்த இணையதளமும் சொல்லாது.

இனி நான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். கொடுக்கல் வாங்கலில் ஒருவரை நம்பலாமா என்பது, பணம் ஒழுங்காக வருகிற மாதத்தில் தெரியாது. பணம் வராது என்று அவருக்கே தெரிந்துவிட்ட நாளில் அவர் என்ன செய்கிறார் என்பதில்தான் தெரியும். முன்கூட்டிச் சொல்கிறாரா, ஒளிகிறாரா, இதுதான் என் ஒரே சோதனை. நல்ல காலத்தில் எல்லோரும் நாணயஸ்தர்கள்தான்.

2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவித்தபோது பங்குனி, சித்திரைக் கல்யாணப் பத்திரிகை வேலை பாதியில் நின்றது. திருவல்லிக்கேணிப் பக்கம் ஓர் அச்சகம், முழுக்கப் பத்திரிகை வேலைதான். அச்சடித்த பத்திரிகைகளை வாங்க ஆளில்லை, அட்வான்ஸ் கொடுத்தவர்கள் திருப்பிக் கேட்டார்கள். அதன் உரிமையாளர் முதல் வாரத்திலேயே பேப்பர் கடை, மைக்கடை, பிளேட் போடுகிறவர் என்று பாக்கி உள்ள ஒவ்வொருவருக்கும் அவரே போன் செய்தார். ‘இவ்வளவு தர வேண்டும், கணக்கு சரிதானே? இப்போது முடியாது. மெஷின் ஓட ஆரம்பித்ததும் வாரம் 5,000 தருகிறேன். நடுவில் வேறு கடையில் ரொக்கத்துக்கு வாங்கினால் அதையும் உங்களிடம் சொல்லிவிட்டு வாங்குகிறேன்.’ இதில் அந்தக் கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். பாக்கி வைத்த கடையைத் தவிர்த்துவிட்டு அடுத்த கடையில் கைக்காசுக்கு வாங்குவதுதான் வியாபாரத்தில் ஆளைப் புண்படுத்துகிற விஷயம். அதையும் அவர் மறைக்கவில்லை.

அதே சமயத்தில் அவரைவிட வசதியான இன்னோர் அச்சகம். பள்ளிக்கூட வேலை, கம்பெனி வேலை, கையில் பணமும் இருந்தது. அவர் போனை எடுக்கவில்லை. ஊரடங்கு தளர்ந்து கடை திறந்த பிறகு ஒரு நாள் வந்து, ‘எல்லாருக்கும் கஷ்டம்தானே, ஒரு பாதியை விட்டுக்கொடுங்க’ என்றார். பாதியாவது வந்ததே என்று சில கடைக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். கணக்குப் பார்த்தால் பத்திரிகை அச்சகக்காரர் பணத்தை முடிக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது, இவர் பாதியை உடனே கொடுத்தார்.

2022-ல் பேப்பர் விலை ஏறியது உங்களுக்கு நினைவிருக்கும். பழைய பேப்பர் தட்டுப்பாடு, இறக்குமதி குறைவு எல்லாம் சேர்ந்து, மில்லிலிருந்து கேட்ட அளவு சரக்கு வரவில்லை. வந்த சரக்கை யாருக்குக் கொடுப்பது என்று கடைக்காரர்கள் தீர்மானிக்க வேண்டியிருந்த மாதங்கள் அவை. திருவல்லிக்கேணிக்காரருக்குச் சரக்கு போனது, அதுவும் பழைய 45 நாள் தவணையிலேயே. மற்றவர் முன்பணம் கொடுக்கிறேன் என்று சொல்லியும் ‘ஸ்டாக் வரட்டும், பார்க்கலாம்’ என்ற பதிலே கிடைத்தது. அவர் மேல் யாரும் வழக்குப் போடவில்லை, சண்டை போடவில்லை. சரக்கு கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

இது உங்களுக்கும் பொருந்தும், நீங்கள் விற்கிறவர் என்பதால் விலக்கு இல்லை. ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன் நோட்டுப் புத்தகம் போடுகிறவருக்கு ஏப்ரலில் ஒரு விலை சொல்லி ஆர்டர் எடுக்கிறீர்கள். மே மாதம் மில் விலையை ஏற்றுகிறது. ஒப்புக்கொண்ட விலைக்குக் கொடுத்தால் நஷ்டம். அப்போது மூன்று விதமான கடைக்காரர்களைப் பார்க்கலாம். ‘லாரி வரவில்லை’ என்று பொய் சொல்லி இழுத்தடித்து, பிறகு புது விலைக்கு விற்கிறவர் ஒருவர். 60 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 60 கிராம் கனம்) என்று பில் போட்டு அதற்குக் குறைந்த பேப்பரைக் கட்டி அனுப்புகிறவர் இன்னொருவர். விலை ஏறிய அன்றே போன் செய்து, ‘ஏற்கெனவே ஒப்புக்கொண்ட லோடு பழைய விலைக்கே வரும். அடுத்த லோடுக்கு இந்த விலை, வேண்டுமானால் இன்றே சொல்லுங்கள்’ என்கிறவர் மூன்றாமவர். கனம் குறைந்த பேப்பரை அச்சகக்காரர் எடை போட்டுக் கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்தாலும் உங்களிடம் சொல்ல மாட்டார், அடுத்த ஆர்டரை வேறு தெருவுக்குக் கொடுப்பார். நம்பிக்கை போனது நமக்குத் தெரியாமலே போவதால்தான், அது போன பிறகு எதனால் விற்பனை குறைந்தது என்று பல கடைக்காரர்களுக்குக் காரணம் பிடிபடுவதில்லை.

கடன் கொடுப்பதில் ஒரு ஒழுங்கு வேண்டும். ஆளை நம்புவது வேறு, தொகையை நம்புவது வேறு. ஒவ்வொரு பார்ட்டிக்கும் ஒரு லிமிட் போட்டு, அதை நீங்களே மனதில் வைத்துக்கொள்ளாமல் அவரிடமும் சொல்லிவிடுங்கள். 50,000-ல் ஆரம்பித்து, இரண்டு மூன்று சீசன் பார்த்து, படிப்படியாக ஏற்றுங்கள். பாக்கி லிமிட்டைத் தொட்டால் பழையது வந்த பிறகே புது லோடு. இதில் ஆளுக்கு ஆள் சலுகை காட்டாமல் இருந்தால் யாருக்கும் கோபம் வராது. ஒருவருக்கு மட்டும் கறார் காட்டினால்தான் அவமானமாகப் படும்.

மோசடிக்காரர்கள் வருகிற வழி ஏறக்குறைய ஒன்றேதான். ஆன்லைனில் விசாரித்து, வெளியூர் முகவரியோடு வருவார்கள். முதல் ஆர்டர் சின்னது, பணம் உடனே வரும். இரண்டாவது அதைவிடக் கொஞ்சம் பெரியது, அதுவும் வரும். தீபாவளிக்கு முன்போ மார்ச் கடைசியிலோ, நீங்கள் விற்பனையைக் காட்ட வேண்டிய அவசரத்தில் இருக்கும்போது, பத்து மடங்கு பெரிய ஆர்டர் கடனுக்கு வரும். அந்த ஆர்டரில் இன்னோர் அடையாளம் இருக்கும், அவர் விலை பேச மாட்டார். பணம் கொடுக்கப் போகிறவன் கால் ரூபாய்க்கும் மல்லுக்கட்டுவான். கொடுக்கப் போகாதவனுக்கு எந்த விலையும் சம்மதம். என் வேலையில் நான் பார்த்த பெரிய வராக்கடன்கள் பலவும் பேரம் பேசாத ஆர்டர்கள்தான்.

இன்னும் இரண்டு விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்’ என்று மெயிலோ வாட்ஸ்அப்போ வந்தால், அதில் இருக்கும் எண்ணுக்குப் பேசாமல் உங்களிடம் பழையதாக இருக்கும் எண்ணுக்குப் பேசி உறுதி செய்யுங்கள். யூபிஐ அனுப்பிவிட்டேன் என்று ஸ்கிரீன்ஷாட் காட்டினால், உங்கள் கணக்கில் பணம் விழுந்த பிறகே சரக்கை ஏற்றச் சொல்லுங்கள். இதெல்லாம் எதிராளியைச் சந்தேகிப்பது ஆகாது. அவர் பேரில் வேறொருவன் வருவதைத் தடுப்பது.

இப்போது கொஞ்சம் கோபத்தோடு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் அச்சகக்காரர் பணத்தை இழுக்கிறார் என்றால் பெரும்பாலும் அவர் கையில் பணம் இல்லை என்றே அர்த்தம். அவரிடம் அட்டைப்பெட்டியும் லேபிளும் புரோஷரும் வாங்கிய பெரிய கம்பெனி 90 நாள், 120 நாள் என்று இழுத்துக்கொண்டிருக்கும். கேட்டால் ‘எங்கள் பாலிசி’ என்பார்கள். வங்கியில் குறைந்த வட்டிக்குக் கடன் கிடைக்கிற கம்பெனி, அதிக வட்டிக்குக் கடன் வாங்குகிற சிறு அச்சகத்தின் பணத்தில் தன் தொழிலை ஓட்டுகிறது. வியாபாரத்தில் நம்பிக்கை குறைந்துவிட்டது என்று கருத்தரங்குகளில் பேசுகிற பெரிய மனிதர்கள் முதலில் தங்கள் பேமென்ட் பிரிவுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று நான் மனப்பூர்வமாக நினைக்கிறேன். நம்பிக்கையைக் குலைப்பதில் தெருக்கடை மோசடிக்காரனைவிட இந்தப் பழக்கம் செய்த சேதம் பெரிது.

சட்டம் இங்கே சிறியவர் பக்கம்தான் நிற்கிறது. குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டப்படி, உதயம் என்கிற அரசுப் பதிவு உள்ள குறு, சிறு நிறுவனத்திடம் வாங்கியவர் எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக்கூடாது, ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. அதோடு வருமான வரிச் சட்டத்தில் 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து இன்னொரு பிடி சேர்ந்தது. அப்படி நிலுவை வைத்த தொகையை உண்மையில் கொடுக்கிற வருஷம் வரைக்கும் செலவாகக் காட்டி வரி குறைக்க முடியாது. இந்தப் பிடி வந்தபிறகு மார்ச் மாதத்தில் சிறு சப்ளையர்களுக்குப் பணம் வருவது கொஞ்சம் சுறுசுறுப்பாகியிருப்பதை நான் பார்க்கிறேன்.

ஆனால் இதில் உங்களுக்கு ஒரு வருத்தமான செய்தி இருக்கிறது. 2021 ஜூலையில் மொத்த, சில்லறை வியாபாரிகளையும் எம்எஸ்எம்இ என்று சேர்த்துக்கொண்டாலும், அது வங்கிகளின் முன்னுரிமைக் கடனுக்கு மட்டும்தான். தாமதப் பணத்துக்கான இந்தப் பாதுகாப்பு, வாங்கி விற்கிற உங்கள் பேப்பர் கடைக்குக் கிடையாது. உங்கள் அச்சகக்காரருக்கு உண்டு. ஆகவே பாக்கி நிற்கிற அச்சகக்காரரோடு சண்டைக்குப் போவதைவிட, அவரை உட்காரவைத்து, உதயம் பதிவு இருக்கிறதா, பில்லில் அந்த எண்ணை அச்சடித்திருக்கிறாரா, எந்தக் கம்பெனியில் எத்தனை நாளாக நிற்கிறது என்று கேளுங்கள். பெரிய கம்பெனிக்குப் போட்ட பில்களை வங்கிகளிடம் தள்ளுபடிக்குக் கொடுத்து முன்கூட்டியே பணம் எடுக்கிற டிரெட்ஸ் தளங்களைப் பற்றிப் பல அச்சகக்காரர்களுக்கு இன்னும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர் பணம் வந்தால்தான் உங்கள் பணம் வரும். இப்படி ஒருவருக்கு வழி காட்டிய கடைக்காரரை அவர் பிறகு எப்படி நடத்துகிறார் என்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

சட்டப்படி உரிமை இருந்தும் பல சிறு நிறுவனங்கள் புகார் கொடுக்கப் பயப்படுகின்றன. அடுத்த ஆர்டர் போய்விடும் என்ற பயம். அந்தப் பயம் நியாயமானதுதான், அதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அதனால்தான் ஒரே பெரிய வாடிக்கையாளரிடம் முக்கால்வாசி வியாபாரத்தை வைக்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். எதிராளியின் நாணயத்தில் ஒரு குறையும் இல்லாவிட்டாலும் இது ஆபத்து. 2021 செப்டம்பரில் ஃபோர்டு நிறுவனம் மறைமலை நகர் ஆலையில் கார் உற்பத்தியை நிறுத்தப் போவதாக அறிவித்தபோது, அந்த ஒரு ஆலையை நம்பி மெஷின் வாங்கிப் போட்டவர்களின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். அங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

செக் விஷயம். பழைய பார்ட்டிகள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்றுச் செக்கை அப்பா பீரோவில் வைத்திருப்பார், அனேகமாக எல்லாக் கடையிலும் இருக்கிறது. செக் திரும்பினால் வங்கித் தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அவருக்கு 15 நாள் அவகாசம், அப்புறம் ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். செக் திரும்புவதற்கான மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆம் பிரிவில் இரண்டு வருஷம் வரை சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. ஜார்ஜ் டவுன் கோர்ட்டுக்கு நடந்தவர்களைக் கேட்டால் எத்தனை வாய்தா என்று சொல்வார்கள். செக் கேஸ் போட்ட பிறகு அந்த உறவு திரும்புவதில்லை. உண்மையிலேயே ஏமாற்றியவனுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். முடியாமல் போனவனுக்கு வேண்டாம். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய, மேலே சொன்ன அதே சோதனை போதும்.

கடைசியாக, பழைய பார்ட்டிகளிடம் எழுதி வாங்குவது. இதைக் கட்டாயம் செய்யுங்கள், காரணம் சந்தேகம் அல்ல. விற்ற சரக்குக்கான பணத்தை வசூலிக்க வழக்குப் போட 3 வருஷம்தான் கெடு. அதற்குள் ‘இவ்வளவு தர வேண்டியது உண்மை’ என்று அவர் கையெழுத்திட்டுக் கொடுத்தால் அந்த நாளிலிருந்து மறுபடி 3 வருஷம் ஓடும். இந்த விஷயம் தெரியாமல், மரியாதைக்காகக் கேட்காமலே விட்டு, எதிராளி இறந்த பிறகு அவர் பிள்ளைகளிடம் பாக்கியை நிரூபிக்க முடியாமல் நின்ற குடும்பங்கள் இருக்கின்றன. இரு அப்பாக்களுக்கு நடுவே இருந்த வாக்கு, பிள்ளைகளுக்கு நடுவே வெறும் வாய்ப்பேச்சாகிவிட்டது. அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்லவும் முடியாது, அவர்களுக்குத் தெரியவே தெரியாது.

எப்படிக் கேட்பது என்றால், மார்ச் 31 கணக்கு முடிந்ததும் எல்லாப் பார்ட்டிக்கும் ஒரே நாளில் லெட்ஜர் நகலை அனுப்புங்கள், பாக்கி 5,000 என்றாலும் 5 லட்சம் என்றாலும். கீழே ஒரு வரி: ‘எங்கள் கணக்குப்படி இவ்வளவு, உங்கள் கணக்கோடு சரிபார்த்துக் கையெழுத்திட்டு அனுப்புங்கள், வித்தியாசம் இருந்தால் தெரிவிக்கவும்.’ நீங்கள் மில்லுக்குத் தர வேண்டிய பாக்கிக்கும் அதே மாதிரி நீங்களாகவே எழுதிக் கொடுத்துவிடுங்கள். அப்பாவுக்கு ரொம்ப நெருக்கமான அந்த மூன்று நான்கு பேருக்கு மட்டும் தபாலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்ப வேண்டாம். முதல் வருஷம் அப்பாவையே கூட்டிக்கொண்டு நேரில் போங்கள். ‘பையன் இனிமேல் பார்த்துக்கிறான், நம்ம கணக்கு அவனுக்கும் தெரியட்டும்’ என்று அவர் வாயால் சொல்லட்டும். அப்படிச் சொன்னால் கையெழுத்துப் போடத் தயங்குகிறவர் ரொம்பக் குறைவு. யாராவது தயங்கினால் அங்கே விவாதம் செய்யாதீர்கள், கடைக்கு வந்து அவருடைய லிமிட்டை மட்டும் பாதியாக்குங்கள்.